லீல் நகரத்துச் சுவரில் எங்கடை ஷெல்

வடபிரான்சின் லீல் நகரத்தில், பெரிய சதுக்கத்தைத் தாண்டியதும், செங்கல்லும் வெண்கல்லும் கலந்து கட்டி, சன்னல்களுக்கு மேலே பழக்குலைகளும் மலர்மாலைகளும் செதுக்கி, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல் நிற்கிற பழைய பிளெமிஷ் வீடுகளின் வரிசையில், என்றோ ஆஸ்திரியர்கள் அடித்த பீரங்கிக் குண்டுகள் கறுத்த விளாங்காய்களைப் போல் இன்னும் பதிந்திருக்கிற அந்தச் சுவரில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், வன்னியில் எப்போதோ விழுந்து வெடித்து முடிந்துபோன ஒரு ஷெல் மறுபடி வந்து விழுந்தது.

அது யோகமலரின் ஷெல். அவள் அங்கே நின்றதால்தான் வந்ததா, வேறெங்காவது நின்றிருந்தால் அங்கேயும் வந்திருக்குமா என்று அந்த ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. எந்த மாடியில் விழுந்தது, யாருடைய பூந்தொட்டி உடைந்தது, தூசியைக் கூட்ட வேண்டியது யார் என்றுதான் கேட்டார்கள்.

யோகமலர் பாரிஸில் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டறையில் வேலை செய்கிறவள். மகள் யாழிசை உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்ததற்காக யோகமலரின் அண்ணன் சபாநாதன் இருவரையும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் லீலுக்குக் கூட்டிவந்திருந்தார். சபாநாதன் மீசை முளைத்த கையோடு பிரான்சுக்கு வந்தவர். பிரெஞ்சு தேசத்துக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர். சாவுவீட்டில்கூட மெல்லிய குரலில் கதைப்பவர். ரயிலில் ஒரு மணித்தியாலப் பயணம், அழகான ஊர், சண்டை சச்சரவில்லாத சனம், பியரில் வேக வைத்த மாட்டிறைச்சி, மெல்லிய வனிலா வாஃபிள் என்று ஒரு கிழமையாகச் சொல்லிச் சொல்லித்தான் தங்கையைச் சம்மதிக்க வைத்தார். யோகமலருக்கு ஊர் பார்க்கிற பழக்கமே இல்லை. பார்த்த ஊர்களை எல்லாம் விட்டு ஓடிவந்தவளுக்கு, பார்ப்பதற்கென்று ஓர் ஊருக்குப் போவது என்னவென்று விளங்கவில்லை.

மஞ்சள் குடை பிடித்த கொர்னேலி என்ற இளம்பெண்தான் வழிகாட்டி. அவள் பின்னால் ஒரு சிறு கூட்டம் நடந்தது. சதுக்கத்தின் நடுவே தூணில் நின்ற பெண் சிலையைக் காட்டி, அவள் கையில் இருப்பது பீரங்கிக்குத் தீ வைக்கும் கோல் என்றாள். பிறகு வீட்டு வரிசைக்கு முன்னால் வந்து நின்று, ஆஸ்திரியர்கள் நகரத்தைச் சுற்றி வளைத்ததையும், நாட்கணக்காகக் குண்டு பொழிந்ததையும், நகரம் பணியாமல் நின்றதையும், பிறகு வீட்டுக்காரர்கள் விழுந்த குண்டுகளை எறியாமல் சுவரிலேயே பதித்து வைத்ததையும், ஒரு முடிதிருத்துநர் குண்டுச் சிதறலொன்றைச் சவரக் கிண்ணமாக்கி நடுத்தெருவில் வாடிக்கையாளருக்குச் சவரம் செய்ததாகச் சொல்லப்படுவதையும் கை அசைத்து அசைத்துச் சொன்னாள். கூட்டம் சிரித்தது. சபாநாதனும் சிரித்தார். யாழிசை தாயின் காதில் எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"உதுகளை ஏன் இன்னும் வைச்சிருக்கினம்?" என்று யோகமலர் கேட்டாள்.

"ஞாபகத்துக்கு, அம்மா."

"ஆர் அடிச்சதெண்டு எழுதியிருக்கோ?"

"ஓம். ஆஸ்திரியாக்காரர்."

"ஆஸ்திரியாக்காரர் ஒண்டும் சொல்லேல்லையோ? நாங்கள் அடிக்கேல்லை, இவையள் தாங்களாத்தான் தங்கடை வீட்டுக்கு அடிச்சவை எண்டு?"

யாழிசை தாயைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன் சொல்லோணும்? எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே."

"எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்" என்று யோகமலர் திருப்பிச் சொன்னாள். இருநூறு வருசத்துக்கு முன்னால் உடைந்த ஓட்டுக்கும் விழுந்த செங்கல்லுக்கும் குடை பிடித்த ஒரு பெண் சாட்சி சொல்ல, கேட்க ஆட்கள் காசு கொடுத்து வந்து நிற்கிறார்கள். அவளுக்குள் ஏதோ ஒன்று கிளம்பியது. அது அழுகை என்றுதான் முதலில் நினைத்தாள். கோபம் என்று பிறகு தெரிந்தது.

அப்போதுதான் கூவல் கேட்டது.

தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கூவல் கேட்டபிறகு யோசிக்கிறதுக்கு நேரமில்லை. யோகமலர் மகளின் கழுத்தைப் பிடித்து அமுக்கிக்கொண்டு கல் பாவிய தரையில் முகங்குப்புற விழுந்தாள். கொஞ்சம் தள்ளி, பூ வாளிகளுக்கு நடுவே நின்ற சிரியாக்காரப் பூ வியாபாரியும் அதே கணத்தில், அதே மாதிரி, கைகளால் பிடரியைப் பொத்திக்கொண்டு விழுந்தார். கூட்டத்தில் மற்ற எல்லோரும் நின்றபடியே நின்றார்கள். சபாநாதன் கையில் வாஃபிளோடு நின்றார்.

வெடிக்கவில்லை. அதுதான் ஏற்கெனவே வெடித்து முடிந்ததாயிற்றே. கல்லில் மண்வெட்டி போட்டதுபோல ஒரு சத்தம், பொலபொலவென்று செங்கல் தூள், அவ்வளவுதான். யோகமலர் தலையைத் தூக்கிப் பார்த்தபோது, இரண்டாம் மாடிச் சன்னலுக்குக் கீழே, இரண்டு ஆஸ்திரியக் குண்டுகளுக்கு நடுவே, ஒரு ஷெல்லின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. செட்டைகளில் ஒன்று இடப்பக்கம் மடங்கியிருந்தது. அதைச் சுற்றி, செங்கல்லுக்குப் பதிலாக, விரித்த இரண்டு கையளவு நீலச் சுவர்.

அந்த நீலத்தை உலகத்தில் வேறு யாராலும் இனம்காண முடியாது. அவளுடைய புருஷன் நவம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது, வெள்ளை எடுப்பாயிருக்க ஒரு சிட்டிகை நீலம் போடச் சொன்னதற்கு, கைதவறி உடுப்புக்குப் போடும் நீலப் பைக்கற்றை முழுதாக வாளிக்குள் கொட்டிவிட்டான். சுண்ணாம்பை வீணாக்க மனமில்லாமல் குசினிச் சுவருக்கு மட்டும் அதையே அடித்தான். "குசினிக்குள்ளை வானம் வந்திட்டுது" என்று சொல்லி மகன் கீரன் அந்தச் சுவரில் முதுகைத் தேய்த்துத் தேய்த்து, சட்டையெல்லாம் நீலமாக்கிக்கொண்டு திரிந்தான். ஐந்து வயது அவனுக்கு. பிறகு ஒரு காலை, யோகமலர் கைக்குழந்தை யாழிசையைத் தூக்கிக்கொண்டு பால்மா வரிசையில் நின்றபோது, வீட்டுக்கு ஷெல் வந்தது. திரும்பி வந்தவள் கண்டது இந்தச் சுவரையும், சுவரில் ஏறி நின்ற இந்த வாலையும், மடங்கிய இந்தச் செட்டையையும்தான். மற்றதை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

"இது எங்கடை" என்றாள் தரையில் இருந்தபடியே. "பிள்ளை, இது எங்கடை ஷெல்."

சபாநாதன் குனிந்து அவள் முழங்கையைப் பிடித்தார். "எழும்பு மலர். சனம் பாக்குது."

சனம் அவளைப் பார்க்கவில்லை. கொர்னேலி குடையைச் சற்று உயர்த்தி, "நமக்குக் கூடுதலாக ஒன்று கிடைத்திருக்கிறது, அதிர்ஷ்டசாலிகள் நீங்கள்" என்றாள். எல்லோரும் படம் எடுத்தார்கள். அடுத்த இடத்துக்கு நடந்தார்கள்.

அன்று பொழுது சாய்வதற்குள் அந்த ஷெல் ஊருக்குப் பழகிப்போயிற்று. கீழே கஃபே வைத்திருந்த மதாம் தெஸ்மெத், பியருக்குள் செங்கல் தூள் விழுகிறதென்று முதலில் புறுபுறுத்து, பிறகு நீலத்துக்கு நேர் கீழே இருந்த மேசைக்கு மட்டும் விலையைக் கூட்டினாள். தீயணைப்புக்காரர்கள் ஏணி வைத்து ஏறி, தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, இது ஏற்கெனவே வெடித்தது, இனி யாருக்கும் ஆபத்தில்லை என்று சொல்லி இறங்கி, ஆளுக்கொரு கோப்பி குடித்துவிட்டுப் போனார்கள். முக்கிலிருந்த இனிப்புக்கடைக்காரன் மடங்கிய செட்டை வடிவத்தில் வாஃபிள் சுட்டான். திருமணம் முடித்து நகரசபையிலிருந்து வந்த ஒரு சோடி, இது நல்ல சகுனம் என்று யாரோ சொன்னதை நம்பி, அதன் கீழே நின்று முத்தமிட்டுப் படம் எடுத்தது. அந்த இரண்டாம் மாடியில் குடியிருந்த கிழவர், உள்சுவரில் முளைத்திருந்த ஷெல்லின் மறுமுனையில் தன் தொப்பியை மாட்டிப் பார்த்தார், சரியாயிருந்தது. இப்படி ஆளாளுக்கு அதை எடுத்துத் தங்கள் வாழ்க்கைக்குள் ஒரு மூலையில் வைத்துக்கொண்டார்கள். யோகமலர் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அந்தச் சோடி முத்தமிட்டபோது மட்டும், நல்ல தமிழில், உரத்துத் திட்டினாள். பெண் மாப்பிள்ளை இருவரும் வாழ்த்தென்று நினைத்துக் கையசைத்தார்கள்.

ஞாயிறு காலை முற்றுகை நினைவுச் சங்கம் ஏணியோடு வந்தது. அது அந்த ஊரின் பழைய குடும்பங்கள் சேர்ந்து நடத்துகிற சங்கம். சுவரில் உள்ள ஒவ்வொரு குண்டுக்கும் வருசா வருசம் கறுப்புப் பூசுவது அவர்கள் பொறுப்பு. தலைவர் வான்டாம் நெட்டையான, வெள்ளைவெளேரென்று தலை நரைத்த, கதவு திறந்துவிட்டு மற்றவரை முன்னே போகவிடுகிற வகை மனிதர். அவர் வந்தபோது யோகமலர் ஷெல்லுக்கு நேர் கீழே மதாம் தெஸ்மெத்தின் நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். விலை கூட்டிய மேசைக்கு அவள் ஒன்றும் வாங்கவில்லை. மதாம் தெஸ்மெத் இரண்டு தரம் வந்து பார்த்தாள், அவள் முகத்தைக் கண்டு மூன்றாம் தரம் வரவில்லை.

இதை அடித்ததும் ஆஸ்திரியர்கள்தான் என்று வான்டாம் சொன்னார். இத்தனை காலமும் வானத்தில் எங்கோ தங்கியிருந்து இப்போது வந்து சேர்ந்திருக்கிறது. பிந்தி வந்தாலும் நம் முற்றுகையைச் சேர்ந்ததுதான். கறுப்புப் பூசி, அந்த நீலக் காரையைச் சுரண்டி, பழையபடி செங்கல் தெரியும்படி செய்துவிடலாம்.

சுரண்டுவது என்ற பிரெஞ்சுச் சொல் யோகமலருக்குத் தெரியும். சாப்பாட்டறைச் சட்டிகளை அவள் தினமும் சுரண்டுகிறவள். நாற்காலியிலிருந்து எழுந்து ஏணியின் முதற்படியில் ஏறி நின்றுகொண்டாள்.

"சொல்லு அவருக்கு" என்றாள் மகளிடம். "அந்த நீலத்திலை ஆரும் கை வைச்சால் கையை முறிப்பன் எண்டு சொல்லு."

யாழிசை பிரெஞ்சில், "தயவுசெய்து அந்தப் பகுதியைத் தொடாமல் விடமுடியுமா என்று என் அம்மா கேட்கிறார்" என்றாள்.

"நான் தயவுசெய்து எண்டு சொன்னனானோ?" யோகமலர் மகளை உறுத்துப் பார்த்தாள். "அந்தச் சொல்லு எனக்குத் தெரியும். நாள் முழுக்கப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிற சொல்லு. நான் அதைச் சொல்லேல்லை."

யாழிசையின் காது சிவந்தது. வான்டாம் பொறுமையாகக் காத்து நின்றார்.

"இது உங்கடை இல்லை எண்டு சொல்லு. ஆஸ்திரியாக்காரன்ரையும் இல்லை. வன்னியிலை எங்கடை வீட்டுக் குசினிக்கு அடிச்சது. அந்த நீலம் என்ரை மனுசன் அடிச்ச நீலம். அதுக்கு முன்னாலை ரெண்டு பேர் நிண்டவை. எழுதிறதெண்டால் அதை எழுதச் சொல்லு. ஆர் அடிச்சது, எப்ப அடிச்சது, ஆருக்கு அடிச்சது. அவையள் தங்கடைக்கு எழுதி வைச்சிருக்கிற மாதிரி."

யாழிசை இந்தமுறை கொஞ்சம் குறைவாக வெட்டிச் சொன்னாள். வான்டாம் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவருக்கு மனம் இளகியது உண்மை. தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். யோகமலர் அழாததால் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"உங்கள் அம்மாவின் துயரத்தை நான் மதிக்கிறேன், மத்மசேல்" என்றார். "ஆனால் நிரூபிக்கப்பட்டதை மட்டும்தான் எங்கள் சங்கம் எழுதும். அந்தப் போரைப் பற்றிப் பல தரப்பும் பலவிதமாகச் சொல்கிறார்கள் என்று நான் வாசித்திருக்கிறேன். ஒரு தரப்பின் பேச்சைச் சுவரில் எழுத முடியாது. எங்கள் நகரத்துக்கு யாரோடும் மனக்கசப்பு வேண்டாம். ஒன்று செய்கிறேன். ஆஸ்திரியர் என்றும் எழுதவில்லை. 'எங்கிருந்து வந்ததெனத் தெரியவில்லை' என்று எழுதுகிறோம். இது நியாயம்தானே?"

யாழிசை அதை ஒரு சொல்லும் குறையாமல் தமிழில் சொன்னாள்.

யோகமலர் ஏணியின் இரண்டாம் படிக்கு ஏறினாள். பிறகு, "தெரியேல்லையாமோ?" என்று கேட்டாள். சதுக்கம் முழுதும் திரும்பிப் பார்க்கிற குரலில் கேட்டாள். "நான் உயிரோடை நிக்கிறன். கண்ணுக்கு முன்னாலை நிக்கிறன். இந்தக் கையாலை பொறுக்கினனான். எனக்குத் தெரியுமெண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறன். தெரியேல்லை எண்டு எழுதப் போறாராமோ? ஆருக்குத் தெரியேல்லை? அடிச்சவனுக்குத் தெரியேல்லையோ? பாத்துக்கொண்டிருந்தவைக்குத் தெரியேல்லையோ? செத்த என்ரை பிள்ளைக்குத் தெரியேல்லையோ?"

"மலர், காணும், நிப்பாட்டு" என்றார் சபாநாதன். அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. "வந்த இடம். ஒரு மரியாதை வேணும். எங்களை இருக்க விட்ட நாடு."

"இருக்க விட்டதெண்டால் வாயைப் பொத்திக்கொண்டே இருக்கோணுமோ அண்ணை? நீங்கள் பொத்தினது காணும்."

சபாநாதன் நடைபாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அவரோடு அப்படிக் கதைத்தது அதுதான் முதல் தடவை.

வான்டாம் ஏணியை எடுக்கச் சொல்லவில்லை. பெண்ணொருத்தி நிற்கிற ஏணியை இழுக்கிற ஆள் அல்ல அவர். நீலத்தை இப்போதைக்கு விடுவோம் என்று சொல்லி, செம்புத் தகடு வரும்வரை ஓர் அட்டையில் அழகான எழுத்தில் 'எங்கிருந்து வந்ததெனத் தெரியவில்லை' என்று எழுதுவித்து, கஃபேயின் சன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் போனார்.

பதினொரு மணித் திருப்பலி முடிந்து சனம் வெளியே வரும் நேரத்தில் இரண்டாவது கூவல் கேட்டது. பூ வியாபாரி, அவர் பெயர் நிதால், சுவரைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. இந்தமுறை யோகமலரும் அவரும் ஒருவர் பக்கத்தில் ஒருவராக விழுந்தார்கள். முதல் மாடிக்குச் சற்றுமேல் ஹெலிகொப்டரிலிருந்து குண்டாகப் போடுகிற பீப்பாயின் துருப்பிடித்த இரும்புத் துண்டொன்று, மாதுளம்பூ போட்ட குளியலறை ஓட்டோடு பதிந்து நின்றது. நிதால் எழுந்து, தலைப்பாகையாகச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து, முகத்தை மூடிக்கொண்டு வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். யோகமலர் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டுபேருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை. அவர் ஓட்டைக் காட்டினார். அவள் நீலத்தைக் காட்டினாள்.

மத்தியானத்துக்குப் பிறகு, மட்டிச் சாப்பாடு முடிந்து தடியூன்றி வந்த, பிரான்சோடு போரிட்டு விடுதலை பெற்ற அல்ஜீரியாவைச் சேர்ந்த ஒரு கிழவர், ஐம்பது வருசத்துக்கு மேலாக அந்தச் சதுக்கத்தால் தினமும் நடந்துபோகிறவர், அன்றைக்கு மட்டும் நின்று நிமிர்ந்து பார்த்தார். அத்திமரக் கட்டை ஒன்றுக்குள் பொதிந்தபடி ஓர் இரும்புத் துண்டு வந்து மூன்றாம் மாடியில் ஏறியது. செய்தி கேட்டு ஓடி வந்த வான்டாம், எந்தப் படை அடித்தது என்று கிழவரிடம் கேட்க வாயெடுத்தார். கிழவர் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வான்டாம் கேட்கவில்லை. அதற்கு மட்டும் அவர்கள் அட்டையும் கட்டவில்லை.

அதன்பிறகு சங்கம் அவசரமாகக் கூடி, சுவரில் இடமில்லை, செதுக்கு வேலைப்பாடுகளுக்குச் சேதம், சன்னல் திறக்க முடியவில்லை என்று முறைப்பாடுகள் வந்திருப்பதாகக் கண்டு, வீட்டு வரிசைக்கு முன்னால் வெல்வெட்டுக் கயிறு கட்டியது. உல்லாசப் பயணிகள் தாராளமாக நின்று பார்க்கலாம். அண்மையில் போர் நடந்த தேசங்களிலிருந்து வந்தவர்கள் மட்டும், தயவுசெய்து, நிற்காமல் நடந்துகொண்டே பார்க்க வேண்டும். இதைச் சொல்வதற்கென்று நிறுத்தப்பட்ட இளைஞன், ஆட்களின் முகத்தைப் பார்த்து யார் எந்தத் தேசம் என்று பிரிக்கத் தெரியாமல், கறுத்தவர்களையும் பழுப்பானவர்களையும் எல்லாம் நடக்கச் சொன்னான். பிரான்சுக்கே சொந்தமான குவாதலூப் தீவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பத்தையும் நடக்கச் சொன்னான். மாட்டோம் என்று அவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யோகமலரிடமும் வந்து, "மதாம், நடந்துகொண்டே..." என்றான்.

"உட்கார்" என்றாள் யோகமலர் பிரெஞ்சில். சாப்பாட்டறைப் பிள்ளைகளுக்குச் சொல்கிற அதே குரல். அவன் மதாம் தெஸ்மெத்தின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

மாலை ரயிலுக்கு நேரம் நெருங்கியபோது கொர்னேலியின் மஞ்சள் குடை அந்த நாளின் கடைசிக் கூட்டத்தோடு வந்தது. சபாநாதன் பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொர்னேலி சிலையைச் சொன்னாள், ஆஸ்திரியர்களைச் சொன்னாள், முடிதிருத்துநரைச் சொன்னாள். கூட்டம் சிரித்தது. பிறகு, "இனி, எங்கிருந்து வந்ததெனத் தெரியாத..." என்று ஆரம்பித்தவள், ஷெல்லுக்குக் கீழே நின்ற பெண்ணைக் கண்டு நிறுத்தினாள். முதல்நாள் தன் காலடியில் முகங்குப்புற விழுந்தவள் இவள்தான் என்பது அவளுக்கு இப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். குடை மெல்லத் தாழ்ந்தது.

"தெரியும்" என்றாள் யோகமலர். "நான் தெரியும்."

யாழிசை பக்கத்தில் வந்து நின்றாள். யோகமலர் அவளைக் கையால் தடுத்தாள். தன்னிடம் இருந்த பிரெஞ்சு எவ்வளவோ அவ்வளவையும் எடுத்து, காலமும் இல்லாமல் வேற்றுமையும் இல்லாமல், கல் அடுக்குவது மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள்.

"இது என் சுவர். குசினிச் சுவர். நீலம், என் புருஷன் பூசு. நீலம் கூட, அவன் பிழை, நாங்கள் சிரிப்பு. நான் வரிசை. பால் வரிசை. இவள் சின்னன், என் கை. வீட்டில் புருஷன். வீட்டில் மகன். ஷெல் வருது. நான் வருது. வீடு இல்லை. புருஷன் இல்லை. மகன், கொஞ்சம் இருக்கு. நான் பொறுக்கு. இந்தக் கை."

கையைத் தூக்கிக் காட்டினாள். யாழிசை தாயின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். தன் வாழ்நாளில் வீட்டில் எந்த மொழியிலும் கேட்டிராத ஒன்றை அவள் அந்தச் சதுக்கத்தில், அந்நியர்களோடு சேர்ந்து, உடைந்த பிரெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தில் மழைக்கோட்டுப் போட்ட ஒரு நடுவயதுப் பெண் கேட்டாள்: "யார் அடித்தது?"

யோகமலர் வாயைத் திறந்தாள். அதற்கான சொற்கள் சாப்பாட்டறையில் கிடைக்காதவை. அவள் தேடிக்கொண்டு நின்றபோது, பின்னாலிருந்து வேறொரு குரல் வந்தது.

"எங்கள் நாட்டு அரசாங்கத்தின் படை" என்றார் சபாநாதன். தோளிலிருந்த பைகளைக் கீழே வைத்தார். முப்பத்தைந்து வருசமாக அலுவலகங்களின் கண்ணாடித் துவாரங்களுக்கு முன்னால் குனிந்து நின்று பழகிய, இலக்கணம் ஓரிடத்திலும் தவறாத, அழகான பிரெஞ்சில் அவர் பேசினார். "அவர்களுடைய ஊர்ப்பக்கத்துக்குச் சனத்தைப் போகச் சொன்னதும் அந்த அரசாங்கம்தான். அங்கே போனால் அடிக்கமாட்டோம் என்று வானொலியில் அறிவித்தார்கள். சனம் நம்பிப் போனது. போனபிறகு அடித்தார்கள். வீட்டுக்கு அடித்தார்கள், வரிசைக்கு அடித்தார்கள், ஆஸ்பத்திரிக்கு அடித்தார்கள். நாங்கள் இங்கே பாரிஸில் பனியில் நின்று கத்தினோம். பக்கத்துக் கஃபேயில் இருந்தவர்கள் சத்தம் தாங்காமல் கதவைச் சாத்தினார்கள். அதற்குப் பிறகு நான் கத்தவில்லை. என் தங்கை சொல்வது ஒரு தரப்பின் பேச்சு இல்லை, மதாம். அது நடந்தது."

கடைசிச் சொல்லில் அவருடைய குரல் கிழிந்தது. சதுக்கத்தின் மறுகோடியில் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். அவர் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோட்டுப் பையைத் தேடினார். யாழிசை மாமாவின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

யாரும் படம் எடுக்கவில்லை. அடுத்து அவர்கள் பழைய பங்குச்சந்தைக் கட்டடத்துக்குப் போக வேண்டும், கொர்னேலி நடக்கவில்லை. மழைக்கோட்டுப் பெண் ஓரடி முன்னால் வந்தாள்.

"உங்கள் மகனின் பெயர் என்ன?"

"கீரன்."

"கீஹான்" என்றாள் அந்தப் பெண், பயபக்தியோடு.

"இல்லை" என்றாள் யோகமலர். அவளுடைய கண்கள் நிறைந்திருந்தன, ஆனாலும் கோபம் ஒரு சொட்டும் குறையவில்லை. "ஹ இல்லை. தொண்டை இல்லை. நாக்கு." வாயைத் திறந்து, நாக்கின் நுனி அண்ணத்தைத் தொட்டு உதறுவதைக் காட்டினாள். "ர. ர. கீரன்."

"கீ... ஹன்."

"இல்லை. திரும்ப."

அந்தப் பெண் மறுபடி முயன்றாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவர் முயன்றார். நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்த காவல்கார இளைஞன் தனக்குள் சொல்லிப் பார்த்தான். நிதாலுக்கு முதல் தடவையே சரியாக வந்தது; யோகமலர் அவரைக் கைகாட்டி, "அப்படி" என்றாள். கொர்னேலி குடையை மடக்கிக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, நாக்கை உதறி உதறிப் பழகினாள்.

ரயில் போய்விட்டது. சபாநாதன் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

"திரும்ப" என்றாள் யோகமலர்.